காசு கொடுத்து வாங்கும் மண்

கனடாவுக்கு வந்து பூனை வளர்க்கத் தொடங்கும் வடசென்னைக்காரருக்கு முதல் அடி கடையிலேயே விழும். மண் விற்கிறார்கள். அதுவும் 18 கிலோ மூட்டையாக, பூனை மூத்திரம் போவதற்கு! போனில் சொன்னால் காசிமேட்டிலிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "இன்னாது, மண்ண காசு குட்த்து வாங்கினியா?"

நியாயமான கேள்வி. நம் தெருவில் வீடு கட்ட மணல் கொட்டினால் முதல் கிரகப்பிரவேசம் பூனைக்குத்தான். கொத்தனார் திட்டிக்கொண்டே சலிப்பார். மீன் ஏலத்தில் சிதறியதைத் தின்ற பூனை எங்கே போய்ப் பள்ளம் பறித்தது என்று யாரும் தேடியதில்லை. ஸ்கார்பரோவில் பதினோராவது மாடி, சன்னலுக்கு வெளியே பனி. அந்த மணல்மேடு இப்போது ஒரு டப்பாவுக்குள் அடங்கியாக வேண்டும்.

லிட்டர் என்றால் நமக்குப் பாலும் ரேஷன் மண்ணெண்ணெயும்தான். இங்கே அது பூனை மண்ணுக்குப் பெயர். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில், பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாவிடம் எட் லோவ் என்பவர் களிமண் கொடுத்ததில் தொடங்கிய வியாபாரம் இது. அந்தக் களிமண் வேறொன்றுமில்லை, நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மெட்டி வகைதான். நனைந்ததும் உருண்டு கட்டியாகும் பென்டோனைட் என்ற களிமண் 1980களில் வந்தது. வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும், வாசனை சேர்க்காததாக. மல்லிகை வாசம் நமக்குப் பிடிக்கலாம்; பூனை முகம் சுளித்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய்விடும்.

டப்பாவின் நீளம் பூனையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கடையில் விற்கும் மூடி போட்ட குட்டி டப்பா வேண்டாம். போர்வை அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கம் வழி வெட்டினால் போதும். பூனை ஒன்று என்றால் டப்பா இரண்டு.

எல்லோரும் தோற்பது டப்பாவின் மூலையில்தான். பூனை சுவரோரம் பின்புறத்தைக் காட்டி உட்காரும். மூத்திரம் பிளாஸ்டிக் சுவரில் வழிந்து நேராக அடிக்கு இறங்கும். அங்கே மண் 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கட்டி உருள்வதற்குள் ஈரம் தரையைத் தொட்டுவிடும். பிறகு அடிப்பிடித்த பொங்கல் கதைதான். சுரண்டச் சுரண்டப் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் நாற்றம் தங்கும், எத்தனை கழுவினாலும் போகாது. அப்படிக் கீறல் விழுந்த டப்பாவை மாற்றிவிடுவதே மேல். மண் எங்கும் 7 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும், அது விரும்பும் மூலையில் இன்னும் ஒரு கை கூடுதலாக. போனதும் ஓடிப்போய் அள்ளக் கூடாது. இருபது நிமிடம் விட்டால் கட்டி இறுகும். அப்போதும் ஒட்டியிருந்தால் சுரண்டாமல் வெளியிலிருந்து சுவரை லேசாக அழுத்துங்கள், தானே விடும்.

அள்ளுவது என்று சொல்கிறோமே தவிர, செய்வது சலிப்பதுதான். ஓட்டை போட்ட உலோகக் கரண்டியைச் சுவரோரமாக அடிவரை இறக்கி, கட்டியைக் கீழிருந்து தூக்கி, கோலமாவு சலிப்பதுபோல மெல்ல அசைத்தால் நல்ல மண் உதிர்ந்துவிடும். வேகமாகக் குலுக்கினால் கட்டி உடையும். உடைந்த துணுக்கு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே கிடக்க, கிருமிகள் அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக்கும். கண் எரிவது அதனால்தான். காலையும் இரவும் சலித்து, எடுத்த அளவுக்குப் புது மண் போட வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுக்கக் கொட்டிவிட்டு, பாத்திர சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்கவும். ஈரத்தின் மேல் மண் கொட்டினால் முதல் நாளே சேறு.

ஊர்ப் பழக்கம் கெடுக்கும் இடம் இதுதான். பினாயில் வாசனை வந்தால்தான் வீடு கழுவியதாக நமக்கு மனசு ஒப்பும். வெள்ளிக்கிழமை காலை, வாசல்படி, பிளாஸ்டிக் பக்கெட்... வேண்டாம். பினாயிலில் இருக்கக்கூடிய பீனால் வகைகளைப் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது. பிளீச்சும் கூடாது, மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கட்டியைக் கழிப்பறையில் போட்டால் பென்டோனைட் உப்பிக் குழாயை அடைக்கும். பையில் கட்டிக் குப்பையில்தான் போட வேண்டும்.

மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணியின் முட்டை இருந்தாலும் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது பிடிக்கும். தினமும் எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கரண்டி கணவன் கையில். கட்டிகளை எண்ணிக்கொள்வதும் நல்லது. நாளுக்கு இரண்டு, மூன்று வழக்கம். திடீரென்று பெரிதானாலோ கூடினாலோ டாக்டரிடம் காட்டலாம். கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டு வரவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆறு மாதத்தில் கை பழகிவிடும். பிறகு மூட்டையைத் தோளில் ஏற்றும்போது விலைகூட உறுத்தாது. ஆனால் கரண்டியை அசைக்கும்போது வருகிற அந்தச் சரசர சத்தம், சாய்த்து நிறுத்திய கம்பிச் சல்லடையில் கொத்தனார் மணலை வீசும் சத்தமேதான். தண்டையார்பேட்டைச் சந்து, மதியவெயில், குவியலின் உச்சியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பூனை. இப்போது அங்கே ஆற்றுமணலும் இல்லை, எம்-சாண்டுதான். பூனைக்கு அதில் ஒரு குறையும் இல்லையாம். போனில் தகவல் வந்தது:

"நம்ம தெருவுல லோடு எறக்கிக்கிறான். ஒரு கோணி அனுப்பட்டா?"