தட்டில் அழிந்த வைரஸ் உடம்பில் ஏன் அழியவில்லை?

ஐவர்மெக்டின் அருமையான மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கறுப்பு ஈக்கள் பரப்பும், கண்பார்வையைப் பறிக்கும் புழு நோய்க்காக ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான். ஆனால் அது கொரோனாவுக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வி. புழுவை விரட்டிய நல்ல பெயர் அங்கே சாட்சிக்கு வராது.

2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் 5 மைக்ரோமோலார் (கரைசலில் மருந்தின் செறிவைச் சொல்லும் அளவு) ஐவர்மெக்டின் சேர்த்தால் 48 மணி நேரத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சுமார் 5000 மடங்கு குறைகிறது. எல்லோரும் அந்த 5000ஐப் பிடித்துக்கொண்டார்கள், பார்த்திருக்க வேண்டியது அந்த 5ஐ. வழக்கமான அளவில் மாத்திரை போட்டால் ரத்தத்தில் சேரும் மருந்து அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான், அதிலும் பெரும்பகுதி ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். சரி, கூடுதலாகப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: அளவு மீறினால் மனக்குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, கோமா வரை போகும்.

அப்புறம் மனிதர்களிடம் சோதித்தார்கள். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் தானாகவே தேறிவிடுவார்கள் என்பதால், வெற்று மாத்திரை சாப்பிட்ட இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடாமல் "எனக்குக் குணமானது" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிரேசிலில் 1358 பேரிடம் நடந்த டுகெதர் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. 28 நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது அவசரப் பிரிவில் நீண்ட நேரம் கண்காணிக்கப்பட்டவர்கள், மருந்து எடுத்த 679 பேரில் 100, எடுக்காத 679 பேரில் 111. இதைப் பலன் என்று சொல்ல முடியாது. இதற்கிடையில், பெரிய பலன் இருப்பதாகச் சொன்ன எகிப்து ஆய்வறிக்கை, தரவுகளில் கோளாறு தெரிந்ததும் 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பி மருந்து வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்படியானால் சில ஊர்களில் மட்டும் இறப்பு குறைந்ததாகத் தெரிந்தது ஏன்? 2022இல் வந்த ஓர் அலசல் நம்பத்தகுந்த காரணத்தைக் காட்டியது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு அதிகமுள்ள பகுதிகளில் நடந்த ஆய்வுகளில்தான் அந்தப் பலன் தெரிந்தது. கொரோனாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது, ஒளிந்திருக்கும் இந்தப் புழு பெருகி உடலெங்கும் பரவி உயிரையே எடுத்துவிடும். அங்கே ஐவர்மெக்டின் காப்பாற்றியிருந்தால், அது புழுவைக் கொன்று காப்பாற்றியிருக்கிறது. அதனால் அந்தப் பகுதிகளைச் சேர்ந்தவருக்கு, எந்த நோய்க்காக ஸ்டீராய்டு தொடங்கினாலும், இந்தப் புழு இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.