வேலை புதுச்சேரியில், வாடகைப்படி கடலூர் கணக்கில்: ஒரு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) அனுபவம்

வீட்டு வாடகைப்படி நிலுவைப் பணம் போன வாரம்தான் வங்கிக் கணக்கில் ஏறியது. முழுவதும் வரவில்லை, ஒரு பகுதிதான். மீதிக்குக் கொடுத்த மனு இன்னும் மேசையில் கிடக்கிறது. ஆனாலும் இப்போதே எழுதிவிடுகிறேன். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி பக்கத்திலிருந்து ஆராய்ச்சி வேலைக்காகப் புதுச்சேரி வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். எனக்கு முன்னால் இதே ஆய்வகத்தில் இருந்த அண்ணன் ஒருவர், மாதாமாதம் 3,700 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டே திட்டக்காலத்தை முடித்துவிட்டுப் போனார். அது தனக்குச் சேர வேண்டிய பணம் என்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை.

என் ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். எம்.எஸ்சி. வேதியியல், தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும். ஜேஆர்எஃப் தகுதி வரவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: மத்திய அரசு நிதி தரும் திட்டங்களில் ஜேஆர்எஃப் பணிக்கு உதவிப் பேராசிரியர் தகுதியையும் ஏற்றுக்கொள்கிறார்கள், பொறியியல், அறிவியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வும் செல்லும். நேர்காணல், பணியில் சேர்ந்த அறிக்கை, மருத்துவச் சான்று எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஆர்டரில் ஒரே வரி: மாதம் 37,000 ரூபாய், விதிப்படி வீட்டு வாடகைப்படி.

அந்த 'விதிப்படி'யில்தான் எல்லாம் இருக்கிறது.

உதவித்தொகை நாடு முழுக்க ஒன்றுதான். 31,000 ஆக இருந்ததை 2023 ஜூனில் அறிவியல் தொழில்நுட்பத் துறை 37,000 ஆக்கியது, அந்த வருடம் ஜனவரி 1 முதல் கணக்கு. மாறுவது வாடகைப்படி. ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 50 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் எக்ஸ், 5 லட்சத்துக்கு மேல் ஒய், மற்றதெல்லாம் இசட். 2017 ஜூலையில் 24, 16, 8 சதவீதம் என்று தொடங்கி, பஞ்சப்படி (அகவிலைப்படி) 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து 30, 20, 10 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும் எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஒய். புதுச்சேரியும் ஒய். கடலூர், சிதம்பரம், விழுப்புரம் எல்லாம் இசட்.

ஆக ஒரே படிப்பு, ஒரே தேர்வு, ஒரே வேலைக்குச் சென்னையில் 48,100, புதுச்சேரியில் 44,400, கடலூரில் 40,700. என் முதல் சம்பளச் சீட்டில் இருந்தது 40,700.

பில் செக்‌ஷனில் போய்க் கேட்டேன். எழுத்தர் என் ஃபைலைப் புரட்டி ஆதார் நகலில் விரலை வைத்தார். "நீங்க கடலூர்தானேம்மா? கடலூர் இசட். சரியாத்தானே போட்டிருக்கு?"

"சார், நான் வேலை பார்க்கிறது இங்கேதானே?"

"அட்ரஸ் அங்க இருக்கே. தினம் பஸ்ல வந்துட்டுப் போறவங்களுக்கெல்லாம் புதுச்சேரி ரேட் கொடுத்தா ஆடிட்ல என்னையில்ல கேப்பாங்க?"

அப்போது நான் லாஸ்பேட்டையில் வாடகை அறையில் இருந்தேன். அதைச் சொன்னதும், வாடகை ரசீது கொண்டு வாருங்கள், ஆதாரில் முகவரி மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அவர் கேட்டதையெல்லாம் தேடி அலையத் தொடங்கியிருந்தால் இன்றைக்கும் அலைந்துகொண்டுதான் இருப்பேன். எங்கள் திட்டத்தை நடத்தும் மேடம்தான் தடுத்தார். "முதல்ல விதியைப் படி, அப்புறம் அவர் கேக்கிற பேப்பரைப் பத்தி யோசிக்கலாம்" என்றார்.

படித்தேன். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2019 ஜனவரி ஆணையில் தெளிவாக இருக்கிறது: வாடகைப்படி, ஆய்வாளர் பணிபுரியும் ஊருக்குப் பொருந்தும் மத்திய அரசு விகிதப்படி, உதவித்தொகையை அடிப்படைச் சம்பளமாக வைத்துக் கணக்கிட வேண்டும். பணிபுரியும் ஊர். பிறந்த ஊரோ, ஆதாரில் உள்ள ஊரோ, இரவு போய்ப் படுக்கிற ஊரோ கிடையாது. மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் முள்ளோடை தாண்டி பஸ்ஸில் வந்து போனாலும் ஒய்தான். இதே விதி மறுபக்கமும் வெட்டும். புதுச்சேரியில் குடியிருந்துகொண்டு கடலூர் மாவட்டத்துக் கல்லூரியில் ஆய்வு செய்தால், வாடகை புதுச்சேரி வாடகையாகவும் படி இசட் படியாகவும் இருக்கும். சேருவதற்கு முன்பே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வரியில் மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தேன். எழுத்தர் அடுத்து ஒன்றைச் சொன்னார். எங்கள் திட்டம் கடலூர் கடற்கரை ஓரத்து நிலத்தடி நீரைப் பற்றியது. மாதிரி எடுக்க சிப்காட் பக்கமும் உப்பனாற்றங்கரைக்கும் போவோம். அதனால் பணியிடமே கடலூர்தான் என்றார். களப்பணிக்குப் பயணப்படி வாங்குவதே பணியிடத்தை விட்டு வெளியே போவதால்தான் என்று மேடம் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஃபைல் கணக்குப் பிரிவுக்குப் போனது. அங்கே எழுந்த கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எங்கள் ஆராய்ச்சி மையம் இருக்கும் இடம் உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் வருகிறது. எக்ஸ், ஒய் ஊர்களின் பட்டியலில் இருப்பது புதுச்சேரி. "உழவர்கரைன்னு லிஸ்ட்ல இல்லையே" என்று ஃபைலில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காக ஃபைல் பல வாரங்கள் அசையவில்லை. போய்க் கேட்டால் ஐயா லீவு, இல்லையென்றால் மீட்டிங். ஒருமுறை மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, பார்க்க வேண்டியவர் அன்று வரவே மாட்டார் என்று சொன்னார்கள்.

பதில் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. ஒய் ஊர்களில் பெரும்பாலானவற்றைப் போலப் புதுச்சேரிக்குப் பக்கத்திலும் யு.ஏ. என்று இரண்டு எழுத்து போட்டிருக்கிறது. நகராட்சி மட்டும் கணக்கில்லை, அதைச் சுற்றி ஒட்டி வளர்ந்த மொத்த நகர்த்தொகுதியும் கணக்கு என்று அர்த்தம். அந்தத் தொகுதியில் எந்தெந்த ஊர் சேரும் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. புதுச்சேரி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் இரண்டரை லட்சம்தான். உழவர்கரையில் மூன்று லட்சம். மொத்தத் தொகுதிக்கு ஆறரை லட்சம். உழவர்கரையைக் கழித்துவிட்டால் தொகுதியே 5 லட்சத்தைத் தாண்டாது, புதுச்சேரியும் இசட் ஆகிவிடும். உழவர்கரையைச் சேர்த்ததால்தான் புதுச்சேரிக்கே ஒய் கிடைத்திருக்கிறது!

இதை ஒரே பக்கத்தில் எழுதி, அட்டவணையின் நகலை இணைத்துக் கொடுத்தேன். கணக்கு அலுவலர் நிதானமாகப் படித்தார். "இதை முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றபடி கையெழுத்துப் போட்டார். மனுவோடு ஆதாரத்தையும் நாமே இணைத்துவிட வேண்டும், அவர்களாகத் தேடி எடுப்பார்கள் என்று காத்திருக்கவே கூடாது. அட்டவணையில் ஊர்ப் பெயர் ஒழுகரை என்று இருக்கும், அதைப் போட்டுத் தேடுங்கள்.

விடுதியில் இடம் இல்லை என்ற சான்று அடுத்த படி. மையத்தின் விடுதியில் இடம் ஒதுக்கிவிட்டால் வாடகைப்படி கிடையாது. அதனால் இடம் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, இல்லை என்ற பதிலையும் எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். எங்கள் அலுவலகம் விதிக்கு மேல் வாடகை ரசீதும் கேட்டது. வீட்டுக்கார அம்மா கையெழுத்துப் போடவே பயந்தார், வரிக்காரர்கள் வந்துவிடுவார்களாம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குள் உள்ள வாடகைதான், உங்கள் பான் எண்ணைக்கூட யாரும் கேட்கவில்லை என்று உட்கார்ந்து விளக்கிய பிறகே போட்டார். வீடு பார்க்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. குடிபோன பிறகு கேட்டால் யாரும் முகம் கொடுப்பதில்லை.

கையெழுத்து வந்துவிட்டால் பணம் வந்துவிடும் என்று நினைத்தேன். திட்ட வரவுசெலவில் ஆள் சம்பளத் தலைப்பு பழைய விகிதப்படி, அதுவும் இசட் என்று போட்டுத் தயாரிக்கப்பட்டிருந்தது. அந்தத் தலைப்பில் பாக்கி இல்லை. வேறு தலைப்பிலிருந்து சம்பளத் தலைப்புக்குப் பணத்தை மாற்ற வேண்டுமென்றால் நிதி தரும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மார்ச் 31 தாண்டினால் அந்த வருடத்தின் செலவாகாத தொகை எங்கள் கையில் நிற்காது. மேடம் பிப்ரவரியிலேயே எழுதி, விடாமல் போன் செய்து, ஒப்புதலை வாங்கிவிட்டார். அவர் இல்லையென்றால் இந்த வருட நிலுவைகூட எனக்கு வந்திருக்காது. போன நிதியாண்டுக்கான நிலுவைதான் இன்னும் வரவில்லை. மூடிய கணக்கைத் திறக்க முடியாது என்கிறார்கள். தவறான விகிதம் போட்டது அலுவலகம், இழப்பு மட்டும் என்னுடையதா? எழுதிக் கொடுத்திருக்கிறேன், விடப்போவதில்லை.

மாதம் 3,700 பெரிய தொகையா என்று வீட்டில் கேட்டார்கள். வருடத்துக்கு 44,400 ரூபாய். ஆனால் இடத்தால் வரும் வித்தியாசம் இதோடு நின்றுவிடுவதில்லை. என்னோடு படித்த தோழி ஒருத்தி கடலூர் மாவட்டத்தில், மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் முனைவர் பட்டம் செய்கிறாள். நெட் இன்னும் கிடைக்கவில்லை. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே நெட் இல்லாத முனைவர் பட்ட மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி மாதம் 8,000 ரூபாய் தருகிறது. 2015இல் டெல்லியில் மாணவர்கள் தெருவில் இறங்கியது இந்தத் தொகையை நிறுத்தும் முடிவை எதிர்த்துத்தான். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் திட்டமே கிடையாது. தோழி காலையில் ஆய்வகம், மாலையில் டியூஷன் என்று ஓடுகிறாள். இரண்டு வளாகத்துக்கும் நடுவே பஸ்ஸில் சில மணி நேரம்தான். எனக்கு இது நினைத்தாலே கோபம் வருகிறது.

அதற்காகக் கடலூர்ப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கடல் உயிரியல் படிக்கிறவர்களுக்குப் பரங்கிப்பேட்டை மையத்தைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது. வெள்ளாற்று முகத்துவாரம் வாசலிலேயே இருக்கிறது, பிச்சாவரம் பக்கம். அந்தப் பயிற்சிக்கு ஊரின் தரவரிசை எழுத்தெல்லாம் ஈடாகாது. ஆனால் வேலை தேடும்போது தூரத்தின் விலை தெரியும். மருந்து நிறுவனங்களானாலும் பெரிய ஆய்வகங்களானாலும் நேர்காணல் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில்தான். திட்டப்பணி விளம்பரங்களில் பயணப்படி கிடையாது என்ற வரி தவறாமல் இருக்கும். புதுச்சேரியில் ஜிப்மர், நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு நாம் தாராளமாக விண்ணப்பிக்கலாம். புதுச்சேரி அரசின் சொந்தப் பணியிடங்களுக்கு அந்த ஊர்ச் சான்று கேட்பது வழக்கம், கடலூர்க்காரர்கள் அந்த விளம்பரங்களை முழுதாகப் படித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். மாநில அளவிலான தகுதித் தேர்வான செட் எழுதியவர்கள், அது நடத்திய மாநிலத்துக்குள்தான் செல்லும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு: ஆர்டரில் 'விதிப்படி' என்று மட்டும் இருந்தால், சேருகிற அன்றே எத்தனை சதவீதம், எந்த ஊர்ப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். திட்ட முதல்வரிடம் சம்பளத் தலைப்பில் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரண்டு ஆண்டு முடிந்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் தொகை 42,000, வாடகைப்படியும் அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அந்த மாதச் சீட்டையும் சரிபாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் அடுத்து சேர்ந்திருக்கும் நெல்லிக்குப்பம் தம்பிக்கு முதல் மாதமே 20 சதவீதம் போட்டுவிட்டார்கள். அவன் ஃபைலில் முதல் தாளாக அந்த மக்கள்தொகை அட்டவணையை நானே வைத்தேன்.