ஈரல் கிடைத்தது, பதிவேடு கிடைக்கவில்லை

ஈரலில் இன்சுலின் வாங்கி (கலத்தில் அந்த ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) எந்தப் பக்கம் அடர்த்தி என்று பார்க்கும் எம்.ஃபில் ஆய்வுக்கு எலி ஈரல் பரஃபின் பிளாக்குகள், அதாவது மெழுகில் பதித்த ஈரல் துண்டுகள், தேவைப்பட்டன. நெறிமுறைக் குழு அனுமதி, மேற்பார்வையாளரின் கடிதம் எல்லாம் சுணங்காமல் கிடைத்தன. கொழும்பிலேயே உள்ள இன்னோர் ஆய்வுகூடத்தின் கந்தோரில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிளாக்குகளைப் பெட்டியோடு தந்தார்கள். எலிகள் எப்போது சாப்பிட்டன, ஈரல் எப்போது எடுக்கப்பட்டது என்று எழுதிய பதிவேட்டைக் கேட்டேன். "ஈரல்தானே மிஸ் கேட்டீங்க? எலி சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி என்ன?" என்றுவிட்டு எழுதுவினைஞர் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனார். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஏனென்றால் என் ஆய்வே அந்த நேரத்தில்தான் தங்கியிருக்கிறது.

ஈரலுக்குள் இரத்தம் நுழையும் வாயினாளப் பக்கமிருந்து அது வெளியேறும் மத்திய நாளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒட்சிசன் அழுத்தம் ஏறத்தாழ 60–65 மி.மீ. இரசத்திலிருந்து 30–35க்கு இறங்கிவிடும். ஓமோன் வாங்கிகளும் அந்த வழியெங்கும் ஒரே அளவில் இல்லை. எலி ஈரலில், இரத்தச் சீனியை ஏற்றும் ஓமோனான குளுக்ககனின் வாங்கிக்குரிய எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்யும் செய்தியைக் கொண்டுசெல்லும் மூலக்கூறு) வாயினாளப் பக்கம் கூட. இன்சுலின் வாங்கிப் புரதம் மத்திய நாளப் பக்கம் கூட. ஜேர்மன் உயிர்இரசாயனவியலாளர் யுங்கர்மானின் குழு 1998இலும் 2000இலும் இதை வெளியிட்டது. குளுக்கோஸும் ஒட்சிசனும் இவற்றின் அளவை மாற்றும் என்பதையும் அவர்களே காட்டினார்கள். இன்சுலின் நெடுநேரம் மிகுந்திருந்தால் ஈரற்கலம் தன் மேற்பரப்பு வாங்கிகளை உள்ளிழுத்துக் குறைத்துக்கொள்ளும். பட்டினி கிடந்த எலியையும் வயிறு நிறைந்த எலியையும் தெரியாமல் கலந்துவிட்டால் எண்ணி என்ன பயன்?

மறுபடி போனது போயாவுக்கு முதல் நாள். மழையில் 138 பஸ்ஸில் நெரிபட்டுப் போய் இறங்கினால், கந்தோர் நேரத்தோடு பூட்டியாயிற்று. பிறகு ஒருநாள், கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்கு வரும் களஞ்சியக் காப்பாளர் அக்காதான், "தங்கச்சி, பச்சை அட்டைப் புத்தகமா?" என்று கேட்டு, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். கூட்டிலக்கம், உணவு எடுத்த நேரம், ஈரல் எடுத்த நேரம் என மூன்று நிரல்கள், நீலப் பேனாவில். ஆனால் கீழ்மூலையைப் பூச்சி அரித்து, சில எலிகளின் நேரம் போய்விட்டது.

அந்தச் சிலவற்றுக்கு, ஈரல் சேமித்து வைக்கும் மாச்சத்தான கிளைக்கோஜனைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயம் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் பட்டினி கிடந்த எலியின் ஈரலில் கிளைக்கோஜன் அநேகமாக இராது. ஆனால் அது பட்டினியா இல்லையா என்றுதான் சொல்லும், எத்தனை மணி நேரம் என்று சொல்லாது. ஆகவே அவற்றை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

சாயமிடுவோருக்கு ஒன்று: எது மத்திய நாளம் என்று கண்ணால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். அதே பிளாக்கின் அடுத்த வெட்டில், மத்திய நாளத்தை ஒட்டிய கலங்களில் மட்டும் இருக்கும் நொதியமான குளுட்டமின் சிந்தெட்டேசுக்குச் சாயமிடுங்கள். மத்திய நாளத்தைச் சுற்றி ஓரிரு கல அகலத்தில் கபில வளையம் விழும். எனக்கு அந்த வளையம் தெளிவாக விழுந்தது; பக்கத்து வெட்டில் இன்சுலின் வாங்கியும் அதே பக்கம் அடர்த்தியாக நின்றது. நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவே மனம் வரவில்லை! வெட்டின் ஓரம் எப்போதும் பொய்க் கருமை காட்டும், அதை எண்ணாதீர்கள்.

பிளாக்குக் கேட்டு எழுதும் முதற் கடிதத்திலேயே "அவற்றுக்குரிய பதிவேட்டுப் பக்கங்களின் நகலும்" என்று சேர்த்துவிடுங்கள். ஆணா பெண்ணா என்பதையும் கேளுங்கள். எலி இராப்பிராணி, அதன் மனஅழுத்த ஓமோனான கோட்டிகோஸ்தெரோன் மாலையில்தான் உச்சம், ஆகவே ஈரல் எடுத்தது காலையா மாலையா என்பதும் அந்த நகலில் இருக்க வேண்டும்.