கருமாதிக்குப் பிறகு போகிற வீடு

ஜூன் 3, செவ்வாய்
நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியாக நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் காவேரிப்பட்டணம் பக்கம் புதிதாக ஒன்று. மாந்தோப்புக் குத்தகை எடுத்துப் பிழைத்தவர், கன்னத்தில் புற்றுநோய். இனி சிகிச்சை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலியைவிட நாற்றம்தான் அவரைக் கூச வைக்கிறது, பேத்தியைக்கூட கிட்டே விடுவதில்லை. புண்ணைக் கழுவி, நாற்றத்தைக் குறைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவ அவர் மனைவிக்குக் காட்டிக் கொடுத்தேன். வலிக்கு மார்ஃபின், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படுக்கும்போது இரண்டு மடங்கு, அப்போதுதான் நடுராத்திரி எழுப்ப வேண்டியிருக்காது. மலம் இறுகும், அதற்கான மாத்திரையும் கூடவே.

ஜூன் 7, சனி
நாற்றம் குறைந்திருக்கிறது. பேத்தி கட்டிலில் உட்கார்ந்து மாம்பழம் தின்கிறாள்.

ஜூன் 16, திங்கள்
விழுங்க முடியவில்லை. "குளுக்கோஸ் ஏத்துங்க, பட்டினி போட்டே கொல்றீங்களா?" என்று பங்காளிகள் சத்தம் போட்டார்கள். அவர்கள் கோபம் பாசத்தால் வந்தது, அதனால் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசினேன். பசி அடங்கிப்போவது சாவு நெருங்குவதன் அடையாளம். இப்போது ஏற்றுகிற நீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் சேரும். ஈரத்துணியால் உதட்டை நனையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தொண்டைக் கரகரப்பு குறையும் என்றேன். மார்ஃபினைக் கரைத்து நல்ல பக்கக் கன்னத்தில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஜூன் 18, புதன்
விடியற்காலை போய்விட்டார். வலியில் கத்தவில்லை என்று மருமகள் போனில் சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்
கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மகன் ஓசூர் கம்பெனி வேலைக்குத் திரும்பியாயிற்று. நான் போனபோது அந்த அம்மா மருந்துப் பையை மடியில் வைத்திருந்தார். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "கடைசியா நான் விட்ட மருந்துதான் அவர் உசுர எடுத்துடுச்சா சிஸ்டர்?"

இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு என் காதில் விழுகிறது. மருந்தைக் கொடுத்த கை எதுவோ அந்தக் கைதான் கேட்கும். அளவு எழுதிய சீட்டை எடுத்து விரித்தேன். முந்தைய நாட்களில் கொடுத்த அதே அளவுதான் கடைசி வேளையும். அந்த அளவில் தூங்கினார், பேசினார், பேத்தி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூச்சை நிறுத்தியது நோய். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். "கஞ்சி கேட்டாரோ என்னவோ" என்று அடுத்து அழுதார். அதற்கும் பதில் சொன்னேன். அழுகையை அடக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. எழவு வீட்டில் ஒப்பாரி வைத்தபோது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், மருந்துக் கணக்கு அவரைத் தின்றது யாருமில்லாத இந்த நாட்களில்தான்.

ஜூலை 12, சனி
"தாத்தா பெங்களூர் ஆஸ்பத்திரியில இருக்கார்" என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் வாசலிலேயே நிற்கிறாள். தாத்தா செத்துவிட்டார், இனி வரமாட்டார், அதற்கு நீ காரணமில்லை என்று நேராகச் சொல்லும்படி தாயிடம் சொன்னேன். பக்கத்திலேயே இருந்தேன். குழந்தை கேட்டது ஒன்றுதான்: "இப்ப வலிக்குமா?" இல்லை என்றாள் தாய்.

ஜூலை 24, வியாழன்
மாதக் கூட்டம். வீடு தேடி வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். படுக்கையில் கிடப்பவரின் வீட்டு வாசலுக்கே நோய்த்தணிப்புச் சிகிச்சை வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் பதிவேட்டில் 'இறப்பு' என்று எழுதியதும் அந்த வீடு பட்டியலை விட்டுப் போய்விடுகிறது. 1993இல் கோழிக்கோட்டில் முளைத்த நோய்த்தணிப்பு இயக்கம் கேரளம் முழுக்கப் பரவியது அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களால். துக்க வீட்டுக்குத் திரும்பப் போவதும் அங்கே சிகிச்சையில் சேர்த்தி. கருமாதி முடிந்த வாரம், மூன்றாம் மாதம், வருஷத் திவசத்தை ஒட்டி என மூன்று வருகைக்குப் பதிவேட்டில் பத்தி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தூங்காமல், "நானும் போயிடறேன்" என்று பேசுகிறவர்களைக் கண்டுபிடித்து மாவட்ட மனநலத் திட்ட ஆலோசகரிடம் சேர்க்க வேறு வழியில்லை.

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். போச்சம்பள்ளி பக்கம் இரண்டு வீடுகள் பாக்கி. சனிக்கிழமை போகிறேன்.