'பரித்தியாகம்' என்று வந்த அரிசி

2022 மே மாதம், இலங்கையில் பொருளாதார நெருக்கடி. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கந்தோருக்கு நடந்தே போய் வந்தேன். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவது என் வேலை.

அந்த வாரம் மேசைக்கு வந்தது நிவாரண அறிவித்தல் ஒன்று. சென்னையிலிருந்து கப்பல் வருகிறது; முதல் தொகுதியில் 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, கூடவே மருந்துகள். சிங்களப் பிரதியில் 'பரித்யாக' என்றிருந்தது. அங்கே அதற்கு நன்கொடை என்று பொருள். எனக்கு முன் அதைத் தொட்டவர் அவசரத்தில் 'பரித்தியாகம்' என்றே இறக்கிவிட்டார். தமிழில் அது துறப்பதல்லவா? வெட்டிவிட்டு 'அன்பளிப்பு' என்று எழுதினேன். அது கல்யாண வீட்டுச் சொல்லாகப் பட்டது. அதையும் வெட்டி, கடைசியில் 'உதவி' என்று விட்டேன்.

ஒரு சொல்லோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்றால், வேண்டும். இந்த அரிசி வந்த கதையிலும் சொல்தான் முக்கியம். வெளியுறவு இந்திய மத்திய அரசின் கையில் இருப்பதால், தமிழ்நாடு நினைத்த மாத்திரத்தில் இன்னொரு நாட்டுக்கு எதையும் அனுப்பிவிட முடியாது. முதலில் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்கு அனுப்பவே முதலமைச்சர் ஸ்டாலின் டெல்லியிடம் அனுமதி கேட்டார். எங்களுக்கு மட்டும் வேண்டாம், எல்லோருக்கும் கொடுங்கள் என்று இங்குள்ள தமிழ்த் தலைவர்கள் சொன்னார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி சட்டசபைத் தீர்மானம் 'இலங்கை மக்களுக்கு' என்று நிறைவேறியது: 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள். பசித்த நேரத்தில் பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கேட்ட அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

மே 22 அன்று கொழும்பில் கப்பல் சரக்கு கையளிக்கப்பட்டது. அப்புறம் நிவாரணம் பெறுவோரின் பெயர்ப்பட்டியல் வேலை. எங்கள் கந்தோரில் மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி தட்டச்சு செய்வாள்; அவள் வீடு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில். பட்டியல் வரும்போதெல்லாம் கேட்பாள், "எங்க லயத்துக்கும் வருமாக்கா?" ஒரு பட்டியலில் ஒரே லயத்தில் இருந்த பல குடும்பங்களை ஒரே முகவரி என்று ஒன்றாக்கி விட்டிருந்தார்கள். திருத்தக் கேட்டுக் கடிதம் எழுதினோம், தொலைபேசியில் பேசினோம், மறுபடி எழுதினோம். மறுமொழி வரச் சுணங்கியது. அந்த நாட்களில் எனக்கு இரவில் நித்திரை பிடிக்கவில்லை.

ஒரு காலை அவள் ஓடிவந்தாள். "வந்திருச்சுக்கா. கீழ் வீட்டுச் சிங்கள ஆக்களுக்கும் கிடைச்சிச்சாம். அம்மா உடனே உலை வச்சுட்டாங்களாம்."