பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்

போன ஞாயிற்றுக்கிழமை 32 கிலோமீட்டர் ஓடி முடித்தோம். மாரத்தானுக்கான எங்கள் பதினெட்டு வாரப் பயிற்சித் திட்டத்தில் இதுதான் மிக நீளமான ஓட்டம், இதைவிட அதிக தூரம் இனி போட்டியன்றுதான். மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆனது. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தேன், உடம்பு முழுக்க அலுப்பு இருந்தும் தூக்கம் வரவில்லை. இந்தப் பதினைந்து வாரங்களில் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அப்போதிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை ஆரம்பித்தது நான் இல்லை, என் தோழி. பெரிய மாரத்தான்கள் பலவற்றில் இடம் கிடைப்பதே கஷ்டம், குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஆனால் தொண்டு அமைப்புகளுக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருப்பார்கள், இவ்வளவு நிதி திரட்டித் தருகிறேன் என்று உறுதி கொடுத்தால் அந்த அமைப்பின் அணியில் சேர்ந்து ஓடலாம். அவள் ஒரு அணியில் சேர்ந்துவிட்டு, "நீயும் வர்றியாடி, தனியா ஓட பயமா இருக்கு" என்றாள். அதுவரை நான் அதிகபட்சம் ஓடியது 10 கிலோமீட்டர். சரி என்று சொன்னேன். பதினோரு வருட நட்பில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட விஷயங்கள் குறைவு, அதனால்தான் சொன்னேன்.

எங்கள் அணி நிதி திரட்டுவது, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குவதற்கான ஒரு இல்லத்துக்காக. அதை ஏன் அவள் தேர்ந்தெடுத்தாள் என்று நான் கேட்கவில்லை, நல்ல காரியம், அது போதும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது வாரத்து லாங் ரன்னில், அதாவது அந்த வாரத்தின் நீண்ட ஓட்டத்தில், ஒன்பதாவது கிலோமீட்டரில், அவளாகவே சொன்னாள். அவள் தம்பிக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய். அம்மாவும் தம்பியும் எட்டு மாதம் இந்த மாதிரி ஒரு இல்லத்தில்தான் இருந்திருக்கிறார்கள், இவள் பள்ளி விடுமுறைகளில் அங்கே போய்த் தங்கியிருக்கிறாள். ஒரே சமையலறையில் ஆறு குடும்பங்களின் அம்மாக்கள் சமைப்பார்களாம், ஒரு அம்மா திடீரென்று ஒரு நாள் சமைக்க வரமாட்டார், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்களாம். தம்பி பிழைத்துக்கொண்டான், இப்போது அவனுக்கு இருபத்தாறு வயது, எனக்கு நன்றாகத் தெரிந்த பையன். இத்தனை வருடம் அவன் கல்யாணம் வரைக்கும் பேசியிருக்கிறோம், இதை மட்டும் பேசியதே இல்லை.

ஏன் அன்றைக்குச் சொன்னாள் என்று பிறகு யோசித்தேன். பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, இருவர் கண்ணும் பாதையில் இருக்கும், கேட்கிறவள் முகம் எப்படி மாறுகிறது என்று சொல்கிறவள் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு வரி சொல்லிவிட்டு அரை கிலோமீட்டர் பேசாமல் வந்தாலும் அது சங்கடமாக இருக்காது. அப்புறம் அடுத்த வரி.

இதற்கு இடம் கொடுத்தது எங்கள் பயிற்சியாளர் போட்ட விதி. அவர் பிசியோதெரபிஸ்ட், பணம் வாங்காமல் வருகிறார். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், அதில் ஒரு நாள் மட்டும்தான் வேகம். மற்ற மூன்று நாளும் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும், மூச்சு வாங்கி வார்த்தை துண்டு துண்டாக வந்தால் குறைத்துவிட வேண்டும். ஆரம்பத்தில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது, இவ்வளவு மெதுவாக ஓடி என்ன பயிற்சி என்று. அந்த மெதுவான ஓட்டத்தில்தான் உடம்பு நெடுந்தூரத்துக்குத் தயாராகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார்: கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கப் பழகுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, தசைநார்களும் எலும்பும் அடிபடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் பெறுகின்றன. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநார் பழக மாதங்கள் ஆகும், புதிதாக ஓட வருகிறவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் என்றார்.

நான் அதை மீறினேன். பதினோராவது வாரம், 24 கிலோமீட்டர். உடம்பு லேசாக இருந்தது, புது ஷூ, கையில் கடிகாரம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது அதிரும்போது முந்தையதைவிடக் குறைவான நேரம் தெரிகிறது. "கொஞ்சம் முன்னால போறேன்டி" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவள் "சரி" என்றாள். முடித்து, தண்ணீர் குடித்து, நேரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நின்றேன். எங்கள் அணியில் ஒரு பழக்கம், கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் கிளம்பக் கூடாது. பத்தொன்பது பேரில் கடைசியாக வருகிறவர் பெரும்பாலும் ஒரு பெரியவர்தான், அறுபத்தொரு வயது, சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவருடைய பேரன் அந்த இல்லத்தில் இருந்தவன். அன்றைக்கு அவரோடு என் தோழியும் வந்தாள், இருபத்தைந்து நிமிடம் கழித்து, நடந்தும் ஓடியுமாக. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் தம்பிக்கு வருடாந்திரப் பரிசோதனை. எனக்குத் தெரியும், புதன்கிழமையே சொல்லியிருந்தாள், ரிசல்ட்டுக்காக வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று. நான் மறந்துபோயிருந்தேன்.

இரண்டு நாள் மெசேஜ் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு வழக்கமாகச் சந்திக்கும் திருப்பத்தில் போய் நின்றேன், வருவாளா என்று தெரியாது. வந்தாள். நான் சாரி சொன்னேன். "ரிசல்ட் நல்லா வந்திருக்கு" என்றாள். அப்புறம் ரொம்ப தூரம் எதுவும் பேசவில்லை, ஐந்து கிலோமீட்டர் இருக்கும். "அன்னைக்கு உன்கிட்ட பேசணும்னுதான்டி வந்தேன்" என்று கடைசியில் சொன்னாள். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு லாங் ரன்களில் நான் கடிகாரம் கட்டுவதில்லை, அவளுடையதே இருவருக்கும் போதும்.

இது சாருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு கால்களை நீட்டி ஸ்ட்ரெச் செய்துகொண்டிருந்தபோது டெர்ரி ஃபாக்ஸ் பற்றிச் சொன்னார். பெயர் எனக்குத் தெரியும். கனடாக்காரர், எலும்புப் புற்றுநோயில் 1977-ல் வலது கால் போனவர், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரத்தைத் தினமும் ஓடியவர். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-ம் தேதி தண்டர் பே நகர் அருகே நிறுத்த வேண்டியதாயிற்று, அடுத்த ஜூனில் இறந்துபோனார், வயது 22. ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை, இறப்பதற்குள் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. இவ்வளவும் எனக்குத் தெரியும். சார் சொன்னது டக் ஆல்வர்ட் பற்றி. பள்ளித் தோழன். டெர்ரி ஓட ஓட வேனை ஓட்டிக்கொண்டு கூடவே போனது, சமைத்துப் போட்டது எல்லாம் அவர்தான். பயணத்தின் ஆரம்ப வாரங்களில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் அளவுக்கு மனஸ்தாபமாம், டெர்ரியின் அப்பா அம்மா விமானம் ஏறி வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்ததாம். பேசாமல் இருந்த நாட்களிலும் வேன் கூடவேதான் போயிருக்கிறது. சார் இதைச் சொல்லிவிட்டு என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நிதி திரட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓடுவதைவிட அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. முதலில் எல்லோருக்கும் ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினேன், இல்லம் எப்போது தொடங்கியது, எத்தனை அறைகள், எல்லாம் எழுதி. மூன்று பேர் பதில் போட்டார்கள், அதில் ஒருவர் வாழ்த்து மட்டும். பிறகு தம்பியிடம் அனுமதி கேட்டு, நான்கு வரியில் அவன் கதையை எழுதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பாதித் தொகை வந்துவிட்டது. பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் வேறு யாராவது கொடுப்பார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள், அதனால் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு அவராகவே வந்து, "குழந்தைகளுக்குத்தானே?" என்று உறுதி செய்துகொண்டு, சிறியதாக மடித்த ஒரு நோட்டைக் கையில் வைத்துவிட்டுப் போனார். ரசீதில் போட அவர் முழுப்பெயரைக் கேட்டபோதுதான் அது எனக்கு இத்தனை நாள் தெரியாது என்பது உறைத்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். விடியும் முன்பே கிளம்பினோம். குதிகாலிலும் அக்குளிலும் வாஸ்லின், நாற்பது நிமிடத்துக்கு ஒரு ஜெல் (சக்திக்காக விழுங்கும் இனிப்புக் கூழ்), தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர். நிறையக் குடிப்பது நல்லது என்று நானும் நினைத்திருந்தேன், அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகுதான் தெரியும். 20 வரை சுலபம். 25 வரை பேச்சு இருந்தது. உடம்பு சக்திக்காகச் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும், ஓடுகிறவர்கள் அதைத்தான் சுவரில் மோதுவது என்பார்கள். எனக்கு அது 28-லேயே வந்துவிட்டது. தொடை கல்லாகிவிட்டது, காரணமே இல்லாமல் அழுகை முட்டியது. அதே நேரம் இடது ஷூ லேஸ் அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது, குனிந்தால் எழ முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

அவள் நின்றாள். என் முன்னால் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தாள். அவள் விரல்கள் வீங்கியிருந்தன, நீண்ட ஓட்டத்தில் அப்படி ஆகும், முடிச்சை இறுக்க மூன்று தடவை முயற்சி செய்தாள். குனிந்த அவள் கழுத்தில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டி முடித்து, இரட்டை முடிச்சும் போட்டு, அதை லேஸுக்கு உள்ளே செருகிவிட்டு, என் கையைப் பிடித்து எழுந்தாள். "நாலு கிலோமீட்டர்தான்டி. நீ பேச வேணாம், நான் பேசுறேன்" என்றாள்.

பேசினாள். அந்த இல்லத்துச் சமையலறை பற்றித்தான், இந்தத் தடவை சந்தோஷமான விஷயங்கள். சிகிச்சை முடிந்து கிளம்பும் குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார்களாம், தம்பியின் கோடும் இருக்கிறதாம், வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடுவார்களாம். 31 தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை. முடிவில் பதினேழு பேர் காத்திருந்தார்கள், சார் உட்பட. அன்றைக்குக் கடைசி ஆட்கள் நாங்கள்தான்.

இனி மூன்று வாரம் டேப்பர், தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் காலம். இன்னும் ஓடு ஓடு என்று மனசு அரிக்கும், கேட்காதீர்கள் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் கடைசிப் பத்து கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, அவளுக்கும் அதே விரல். என் நிதிக் கணக்கில் இன்னும் பதினைந்து சதவீதம் பாக்கி, நாளைக்கு ஆறு பேருக்குப் பெயர் போட்டு எழுத வேண்டும். காலை ஐந்து மணிக்கு அதே திருப்பம், எட்டு கிலோமீட்டர் மட்டும், மெதுவாக. தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், அந்தக் கதை பாக்கி இருக்கிறது.