முதலில் ஸ்ட்ரட், கடைசியில் டியூப்: ரேஸ் போட்டுக்கு ஷாஃப்ட் கட்டும் முறை

ஆர்சி, அதாவது ரிமோட்டில் ஓட்டும், ரேஸ் போட்டில் மோட்டாருக்கும் ஸ்பீடு கன்ட்ரோலருக்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள்கூட, அந்தச் சக்தியைப் புரொப்பெல்லர் வரை கொண்டுபோகிற கேபிளைக் கிட்டில் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். மோட்டார் சூடேறிக் கருகினால் பேட்டரியைத் திட்டுகிறார்கள். பம்ப்செட் ஊரான கோவைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். மோட்டாரும் பம்பும் தனித்தனியாக உட்கார்ந்து கப்ளிங்கில் இணையும் செட்டில் நேர்கோடு தப்பினால் முதலில் பேரிங் போகும். போட்டிலும் அதே கணக்குதான், நிமிஷத்துக்கு 30,000 சுற்றில் நடக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இங்கே சொல்வதெல்லாம் 75 செ.மீ. நீள மோனோ (ஒற்றை அடி V போட்), 36 மி.மீ. குறுக்களவு பிரஷ்லெஸ் மோட்டார், 4 செல் லித்தியம் பேட்டரி என்ற அளவை மனதில் வைத்து.

இந்த அளவுக்கு 4.76 மி.மீ. (3/16 அங்குலம்) ஃபிளெக்ஸ் கேபிள், அதாவது பல இழைகளை முறுக்கிய வளையும் கேபிள், சரியாக இருக்கும். 3.18 மி.மீ. கேபிள் 28 மி.மீ. மோட்டார் போட்ட சின்னப் போட்டுக்குத்தான். 6.35 மி.மீ. பெட்ரோல் எஞ்சின் போட்டுக்கு. முறுக்கில்லாத ஒற்றைக் கம்பி போடுகிறவர்களும் உண்டு. அதில் உராய்வு குறைவு, உண்மைதான். ஆனால் வளைவு மிக மெதுவாக இருக்க வேண்டும், கூர்மையாக வளைந்தால் கம்பி சோர்ந்து முறியும். முதல் போட்டுக்கு அது வேண்டாம்.

கேபிள் வாங்கியதும் முறுக்குத் திசையைப் பாருங்க. வழக்கமான புரொப்பெல்லர், போட்டின் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். புரொப்பெல்லர் பக்க முனையை வைஸில் பிடித்து, சுற்றப்போகும் திசையில் மோட்டார் பக்க முனையைத் திருகினால் வெளிச்சுற்று இறுக வேண்டும். இழைகள் விரிந்தால் அது எதிர்த்திசைக் கேபிள், முதல் முழு த்ராட்டிலில் பிரிந்துவிடும். இதே காரணத்தால் ஃபிளெக்ஸ் கேபிளில் ரிவர்ஸ் ஓட்டுவது கிடையாது. கன்ட்ரோலரில் ரிவர்ஸ் இருந்தால் அணைத்து வைக்கணும்.

இன்னொரு தொல்லை, அங்குலமும் மில்லிமீட்டரும் கலப்பது. ஆன்லைனில் வரும் பல செட்கள் 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. ஷாஃப்ட்டோடு வரும், பந்தயப் புரொப்பெல்லரின் துளையோ 4.76 மி.மீ. 5 மி.மீ. ஷாஃப்ட் உள்ளே போகாது. 4 மி.மீ. ஷாஃப்ட் ஆடும், அதற்குச் சாதாரணக் குழாய் துண்டைச் சொருகினால் மையம் தப்பும். வெர்னியர் வைத்து அளந்து பார்த்து வாங்குங்க. போட்டின் பின்னால் நின்று ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்குள் புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் புது ஸ்ட்ரட் வாங்க வேண்டியதில்லை. கோவையில் கணபதி பக்கமோ குறிச்சி சிட்கோ பக்கமோ ஒரு லேத் பட்டறையில் ஸ்டப் ஷாஃப்ட்டையே (கேபிளின் பின்முனையில் பற்றவைக்கும் நேரான தண்டு) கையில் கொடுத்து, அதற்குப் பொருந்த கன்மெட்டல் புஷ் கடைந்து தரச் சொல்லலாம். ஷாஃப்ட் தன் எடையிலேயே வழுக்கி இறங்கணும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது.

இனி கட்டும் வரிசை. நிறைய பேர் கேபிள் ஓடும் டியூபை முதலில் ஒட்டிவிட்டு, ஸ்ட்ரட், மோட்டார் இரண்டையும் அதற்குப் பொருத்தப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யணும். முதலில் ஸ்ட்ரட்டைப் பின்பலகையில் நடுக்கோட்டில் வைத்து, ஷாஃப்ட் மையம் போட்டின் அடி V முனையின் மட்டத்துக்கு வருமாறு, அடித்தளத்துக்கு இணையாகப் பூட்டுங்க. மேலும் கீழும் நகர்த்த இடம் விட்டு நடுவில் வைப்பது நல்லது. அடுத்து மோட்டார். அதன் அச்சு, டியூபின் முன்முனை எந்தக் கோணத்தில் வருமோ அதே கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் உறுதியான பிறகு, நடுவில் வரும் பித்தளை டியூபை இழுப்பில்லாமல் படியும்படி வளைக்கணும்.

டியூபை உருண்டையான பெரிய டப்பா ஒன்றின் மேல் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளையுங்க. ஒரே சீரான வளைவு போதும், இரு முனையிலும் சில செ.மீ. நேராக இருக்கட்டும். ஓரிடத்தில் நசுங்கினாலும் அந்த டியூப் வீண். உள்ளே டெஃப்ளான் லைனர் (வழுவழுப்பான உள்குழாய்) போட்டு, அதற்குள் கேபிள் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தை எமரித்தாளால் கீறி, தின்னரால் துடைத்து எபாக்சி வையுங்க. பளபளப்பான பித்தளையில் எபாக்சி பிடிக்காது. நடுவில் ஒரு ப்ளைவுட் தாங்கல் கட்டாயம். தாங்கல் இல்லாத டியூப் வேகத்தில் அதிரும், அந்த அதிர்வு கேட்கும் சத்தத்தை மோட்டார் பேரிங் என்று நினைத்து மோட்டாரையே மாற்றியவர்கள் உண்டு. எபாக்சி காயும்வரை கேபிளும் அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும் பூட்டியே இருக்கணும், அப்போதுதான் நேர்கோடு தானாக அமையும். டியூபுக்கும் கப்ளருக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மேல் வெறும் கேபிள் தெரிய விடாதீங்க.

கப்ளர் கோலெட் வகையாக, அதாவது கேபிளைச் சுற்றிலும் சமமாக இறுக்கிப் பிடிப்பதாக, இருக்கட்டும். பக்கவாட்டு ஸ்க்ரூ வகை கேபிளை ஒருபக்கமாகத் தள்ளி மையத்தைக் கெடுக்கும், இழைகளையும் நசுக்கும். கோலெட் நட்டை இரண்டு ஸ்பானர் வைத்து இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்க. அது தளர்ந்தால் கேபிளும் புரொப்பெல்லரும் சேர்ந்து வழுக்கிக் குளத்தடிக்குப் போய்விடும்.

அடுத்தது, எல்லோரும் தவறவிடும் இடைவெளி. டிரைவ் டாக்குக்கும் (ஷாஃப்ட்டில் பூட்டி, புரொப்பெல்லரைப் பற்றிச் சுழற்றும் துண்டு) ஸ்ட்ரட்டின் பின்முனைக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. விட வேண்டும். 4.76 கேபிளுக்கு அதே 4.76 என்று வைத்துக்கொண்டால் போதும். சுமை ஏறும்போது கேபிள் முறுக்கேறிக் குறுகும். இடைவெளி இல்லாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டை அழுத்தித் தேய்க்கும், மின்னோட்டம் எகிறும், மோட்டார் ஷாஃப்ட் பின்னோக்கி இழுபடும். மேசையில் கையால் சுற்றும்போது எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடும், தண்ணீரில்தான் மாட்டும். அதனால்தான் கண்டுபிடிக்க நாளாகிறது. அளவுக்கு மீறி விட்டாலும் புரொப்பெல்லர் தாங்கலை விட்டுத் தள்ளிப்போய் ஸ்டப் வளையும்.

கேபிளை அறுக்கும்போது பிளையர் வேண்டாம். அறுக்கும் இடத்தில் முதலில் சால்டர் ஊறவிட்டு, கல் டிஸ்க்கால் அறுத்தால் இழை பிரியாது. ஸ்டப்பைப் பற்றவைக்க வெள்ளி கலந்த ஈயமில்லா சால்டர், 221 டிகிரியில் உருகும் வகை, ஆசிட் ஃபிளக்ஸோடு. கேபிளில் எண்ணெய் இருந்தால் பிடிக்காது, தின்னரில் கழுவிவிட்டு வையுங்க. பற்றவைத்த பின் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் ஆசிட் துருவைக் கொண்டுவரும்.

கேபிள் அறுந்த இடமே காரணத்தையும் காட்டும். ஸ்டப் ஓரத்தில் அறுந்தால் பற்றவைக்கும்போது சூடு மிஞ்சியிருக்கிறது. கோலெட் வாயில் அறுந்தால் மோட்டார் கோணம் தப்பு. நடுவில் பிரிந்தால் டியூப் நசுங்கியிருக்கலாம், அல்லது முறுக்குத் திசை தவறு.

புரொப்பெல்லருக்கு ஒரு கணக்கு. 2,000 கேவி மோட்டார், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 2,000 சுற்று, 14.8 வோல்ட்டில் சுமையில்லாமல் 29,600 சுற்று. ஆக்டூரா நிறுவனத்தின் எக்ஸ் 442 புரொப்பெல்லர் என்றால் 42 மி.மீ. விட்டம், அதன் 1.4 மடங்கு பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்), அதாவது 58.8 மி.மீ. பெருக்கினால் மணிக்கு 104 கி.மீ. வரும், ஆனால் அது காகிதக் கணக்கு. சுமையில் சுற்று 80 சதவீதம், வழுக்கல் 15 சதவீதம் என்று கழித்தால் 70-ஐ ஒட்டி நிற்கும். இந்தப் புரொப்பெல்லர்கள் பெரிலியம் காப்பர். தீட்டினால் வரும் தூள் நுரையீரலுக்கு ஆபத்தானது, தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசத்தோடு. வீட்டுக்குள் கிரைண்டரில் போடவே கூடாது. பேலன்ஸ் பார்க்காமல் பூட்டினால், மேலே சொன்ன நேர்கோட்டு வேலையெல்லாம் வீண்.

தண்ணீருக்குப் போகுமுன் புரொப்பெல்லர் இல்லாமல் இரண்டு மூன்று நொடி மெதுவாக ஓட்டி, மோட்டார் தனியாக இழுத்த ஆம்பியரோடு ஒப்பிடுங்க. கூடுதலாகத் தெரிவது முழுக்க டியூபிலும் புஷ்ஷிலும் போகிற நஷ்டம்.

தண்ணீரில் மூக்கு மேலே எழுந்து ஆடினால் ஸ்ட்ரட்டை 1 மி.மீ. இறக்குங்க, அல்லது புரொப்பெல்லர் முனையைச் சற்றுக் கீழே சாயுங்க. இரண்டும் பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அமர்த்தும். மூக்கு ஒட்டிக்கொண்டு வேகம் வராவிட்டால் இதற்கு நேர்மாறு. ஒரு தடவையில் ஒரே மாற்றம். போட் வலப்பக்கம் சாய்வது முறுக்கின் எதிர்வினை, பேட்டரியை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் இந்தச் சரிபார்ப்பை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்க. பகலில் அலை ஏறிவிட்டால் எது ஸ்ட்ரட்டால் வந்த ஆட்டம், எது காற்றால் வந்தது என்று தெரியாது.

கோவைப் பக்கத்துக் குளங்களில் ஆகாயத்தாமரை நார் அந்த 5 மி.மீ. இடைவெளியில்தான் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அதைக் கத்தி முனையால் எடுங்க. நாள் முடிவில் கேபிளை முழுதாக உருவி, துடைத்து, இழை எங்காவது தூக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மரைன் கிரீஸ் பூசித் திரும்பச் சொருகுங்க. தையல் மிஷின் எண்ணெய் போதாது, முதல் ஓட்டத்திலேயே கழுவிப் போய்விடும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கேபிளை மறுபடி பூட்ட வேண்டாம்.